முதுகு வளைவுக்கு மாவுக்கட்டு போட்ட குட்டிப் பிள்ளைய வீட்ல பாத்துக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க பையனுக்கு (வீட்ல தம்பின்னுதான் கூப்பிடுவோம்) ஒன்றரை வயசுல ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டுல வளையறதுன்னு சொல்லி முதல் மாவுக்கட்டு போட்டாங்க. கை கால்ல போடற கட்டு இல்லங்க, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் ஒடம்பையே சுத்திப் போடற கட்டு. 2023 நவம்பர்ல ஆரம்பிச்சு ஒன்றரை வருஷத்துல மொத்தம் 7 கட்டு. நாங்க கடலூர், திருப்பாப்புலியூர் பக்கம். வெயிலும் உப்புக்காத்தும் புழுக்கமும் உள்ள நம்ம ஊர்ல இதை எப்படி ஓட்டறதுன்னு அப்ப எனக்கு சொல்ல ஒரு ஆளு கெடைக்கல, அதான் நான் செஞ்சது, தப்பா செஞ்சு திருத்திக்கிட்டது எல்லாத்தையும் இங்க வரிசையா எழுதறேன். உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதுதான் கணக்கு, ஏன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் வளைவு வேற, கட்டு வேற.

கட்டு எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க

எங்க வீட்ல இதைக் கண்டுபிடிச்சது எங்க அத்தைதான். கால நீட்டி பிள்ளைய குப்புறப் போட்டு முதுகு தேய்ச்சுக் குளிப்பாட்டும்போது, "ஒரு பக்கம் மட்டும் மேடா இருக்கும்மா, கைய வெச்சுப் பாரு"ன்னு சொன்னாங்க. முதல்ல காட்டின டாக்டர் வளர வளர சரியாயிடும்னு அனுப்பிட்டார், எக்ஸ்ரே கூட எடுக்கல, அதுல எங்களுக்கு 4 மாசம் போச்சு. சின்ன பிள்ளைங்க வளைவு பலது தானா சரியாகும், அது உண்மைதான். ஆனா எது தானா சரியாகும் எது கூடிக்கிட்டே போகும்னு எக்ஸ்ரேல விலா எலும்பு முதுகெலும்போட சேர்ற கோணத்தை ரெண்டு பக்கமும் அளந்து பாத்தா ஓரளவு சொல்ல முடியும். அந்த வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல இருந்தா கூடறதுக்கு வாய்ப்பு அதிகம். இதை 1972லயே எழுதி வெச்சவங்க மின் மேத்தான்னு இங்கிலாந்துல வேலை பாத்த டாக்டரம்மா. அதனால யாராவது வெறும் கண்ணால பாத்துட்டு ஒண்ணுமில்லன்னா, எக்ஸ்ரே எடுத்து சில மாசம் கழிச்சு இன்னொன்னும் எடுத்துப் பாக்கலாமான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

இந்த கட்டு முறைய நிறைய பேர் மேத்தா கட்டுன்னே சொல்றாங்க. 2005ல அவங்க 136 பிள்ளைங்களைப் பத்தி எழுதுன கட்டுரைல, சீக்கிரமே கொண்டு வந்த 94 பிள்ளைங்களுக்கு வளைவு நேராயிடுச்சு, லேட்டா வந்த 42 பேருக்கு குறைஞ்சுது ஆனா முழுசா போகல. காரணம் ரொம்ப எளிசு. முதல் ரெண்டு வருஷத்துல பிள்ளை வேகமா வளருது. அந்த வளர்ச்சிய கட்டு பிடிச்சு நேரான பக்கம் திருப்பி விடுது. நாத்துல கொம்பு கட்டினா கன்னு நேரா வரும், முத்தின மரத்துல கட்டி என்ன ஆகப்போவுது, அந்த மாதிரிதான். மயக்க மருந்து குடுத்து, ஒரு சட்டத்துல படுக்க வெச்சு, இழுத்து, முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பி அப்படியே கட்டிடுவாங்க. முன்னாடி வயித்துல பெரிய ஓட்டை விடுவாங்க, மூச்சு விடவும் சாப்பிட்டா வயிறு உப்பவும். முதுகுல குழிஞ்ச பக்கம் ஒரு ஓட்டை இருக்கும், அந்தப் பக்கம் வெளிய வளர எடம் வேணும்ல. அந்த ஓட்டைய துணி வெச்சு அடைக்காதீங்க, எங்க சொந்தக்காரம்மா ஒருத்தங்க பனி அடிக்கும்னு கைக்குட்டைய மடிச்சு சொருகிட்டாங்க.

கட்டு போடறதுக்கு முன்னாடி வீட்ல செய்ய வேண்டியது

முதல்ல முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லுவாங்க, உள்ள தண்டுவடத்துல வேற பிரச்சினை இருக்கான்னு பாக்க. அதுக்கும் மயக்க மருந்து வேணும், முடிஞ்சா ஒரே நாள்ல ரெண்டையும் பண்ண முடியுமான்னு கேட்டு வெச்சுக்கங்க.

வீட்ல கீழ்க்கண்டது வாங்கி வெச்சுடுங்க: சின்ன டார்ச், கூல் மோட் உள்ள ஹேர் டிரையர், துணி மாதிரி இருக்கற ஒட்டு டேப், கழுத்து வரைக்கும் மூடற பிப் பத்து பன்னெண்டு, வழக்கமா போடறதை விட ரெண்டு சைஸ் பெரிய காட்டன் சட்டை, முன்னாடி பட்டன் வெச்சது. தலை வழியா போடறது வேணாம், அழுவான். எங்க தெரு டெய்லர்கிட்ட பழைய சட்டைய பக்கவாட்டுல பிரிச்சு துணி ஒட்டு போட்டு வாங்கினேன், அது நல்லா உழைச்சுது. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா ரேஷன் கார்டோட சேத்து கையோட எடுத்துட்டுப் போங்க, இதுக்கு ஆகுமான்னு காப்பீடு கவுண்டர்லயே முன்கூட்டி கேட்டுடுங்க.

ரொம்ப முக்கியம், சளி. சளி காய்ச்சல் இருந்தா மயக்க மருந்து குடுக்க மாட்டாங்க, தேதி தள்ளிப் போயிடும். அதனால தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே கல்யாணம் காதுகுத்துன்னு கூட்டத்துக்குள்ள தூக்கிட்டுப் போறதை நிறுத்திடுங்க. தடுப்பூசி தேதி பக்கத்துல வந்தா, முன்னாடி போடறதா பின்னாடி போடறதான்னு ஊசி போடற டாக்டர், கட்டு போடற டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க.

நாங்க கட்டு போட்டது சென்னைல. இங்கருந்து 180 கிலோமீட்டர் கிட்ட வரும், அதனால முந்தின நாளே போய் தங்கிட்டோம். பால், சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தணும், தாய்ப்பால்னா 4 மணி நேரம், வெறும் தண்ணிக்கு நேரம் அவங்களே சொல்லுவாங்க. அந்த வெறும் வயித்து நேரம் பிள்ளை முன்னாடி யாரும் டீ கூட குடிக்காதீங்க. பால் பாட்டில் கண்ல படக்கூடாது.

முதல் 3 நாள்

மயக்கம் தெளிஞ்சு வந்த பிள்ளைய பாத்து நான் ஆடிப்போயிட்டேன், ஏதோ ஓட்டுக்குள்ள தலை மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி. அன்னிக்கு ராத்திரி பூரா அழுதான். இது நடக்கும், மனசு தேத்திக்கங்க. பிளாஸ்டர் மாவுன்னா முழுசா காய 1 நாள்ல இருந்து 2 நாள் ஆகும், ஃபைபர்னா சீக்கிரம் காஞ்சுடும். ஈரமா இருக்கற வரைக்கும் விரலால அழுத்தித் தூக்காதீங்க, உள்ளங்கைய விரிச்சுத் தூக்குங்க, விரல் பட்ட குழி அப்படியே உறைஞ்சு உள்ள தோலை அழுத்தும். காஞ்சதுக்கு அப்புறமும் அக்குள்ல கை குடுத்துத் தூக்கற பழக்கத்தை வீட்ல எல்லாரும் விடணும், கட்டு விளிம்பு குத்தும். ஒரு கை குண்டிக்கு அடில, ஒரு கை முதுகுல.

தூங்கறதுக்கு தூளி வேணாம்னு எங்க டாக்டர் சொல்லிட்டார். தூளிக்குப் பழகின பிள்ளை, அதனால முதல் வாரம் எங்க வீட்டுக்காரரும் நானும் மாத்தி மாத்தி தோள்ல போட்டுக்கிட்டுதான் தூங்க வெச்சோம். அப்புறம் குப்புறப் படுக்க அவனே கண்டுபிடிச்சுக்கிட்டான். மல்லாக்க படுத்தா கால் தொங்கற மாதிரி இருக்கும், முட்டிக்கு அடில சின்ன தலகாணி குடுங்க.

நடக்கறதுக்கு திரும்ப கத்துக்கணும். மூணாம் நாள் நிக்க முயற்சி பண்ணி தடால்னு விழுந்தான், அஞ்சாம் நாள் சுவத்தைப் புடிச்சு நடந்தான், பத்தாம் நாள் ஓடினான். நாமதான் பயப்படறோம், பிள்ளைங்க ஒடம்பு சீக்கிரம் பழகிக்குது. ஓட விடுங்க, ஏற விடுங்க. குனிய முடியாது, அதனால பொம்மையெல்லாம் ஒரு முக்காலி மேல வெச்சுடுங்க. வாசப்படிலயும் ஈரத்தரைலயும் மட்டும் கூடவே இருங்க, விழுந்தா ஒடம்ப வளைச்சு தப்பிச்சுக்க முடியாது, தலை நேரா போய் இடிக்கும்.

தினமும் காலைல ராத்திரி: விளிம்பு பாக்கறது

இந்த முழு வழிகாட்டில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா இதை வெச்சுக்கங்க. கட்டு வளைவைப் பாத்துக்கும், தோலைப் பாத்துக்கறது நம்ம வேலை. டார்ச் அடிச்சு கழுத்து, ரெண்டு அக்குள், இடுப்பு, தொடை மடிப்பு, வயித்து ஓட்டை, முதுகு ஓட்டை எல்லாத்தையும் பாருங்க. விரல் போற வரைக்கும் தடவிப் பாருங்க. லேசா சிவந்து அரை மணி நேரத்துல போயிட்டா பரவால்ல. போகலன்னா, தோல் உரிஞ்சா, கொப்புளம் வந்தா போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புங்க. எங்கயாவது விளிம்பு சொரசொரன்னு இருந்தா டேப்பை பூ இதழ் மாதிரி துண்டு துண்டா வெட்டி, பாதி உள்ள பாதி வெளிய வர்ற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டுங்க.

அப்புறம் மோந்து பாருங்க. சிரிக்காதீங்க, மூக்குதான் உண்மைய சொல்லும். வேர்வை வாடை ரெண்டு வாரத்துல வந்துடும், அது வேற. அழுகின வாடை, புளிச்ச வாடை வேற.

எங்க ரெண்டாவது கட்டுல ஒரு நாள் புளிச்ச வாடை வந்துச்சு, பிள்ளை நெஞ்ச நெஞ்ச தட்டிக்கிட்டு அழறான். வெளிச்சம் அடிச்சுப் பாத்தா கழுத்து விளிம்புக்கு ரெண்டு விரக்கடை கீழ ஒரே ஒரு சோத்துப் பருக்கை, காஞ்சு கட்டுக்கு உள்ள இருக்கற பனியன் துணில ஒட்டிக்கிட்டு இருக்கு, அதைச் சுத்தி செவ்வெறும்பு நாலஞ்சு. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு. அத்தை அவனை மடில குப்புறப் போட்டு தலைய கொஞ்சம் தாழ்த்திப் புடிச்சாங்க, நான் கட்டு மேல மெதுவா தட்டிக்கிட்டே ஹேர் டிரையர்ல கூல் காத்தை கீழ் விளிம்புல இருந்து விட்டேன், ரெண்டு நிமிஷத்துல பருக்கையும் எறும்பும் விழுந்துச்சு. நெஞ்சுல மூணு சிவப்பு தடிப்பு.

அன்னிலேர்ந்து பண்ணது: பாய்ல படுக்க வைக்கறதை விட்டுட்டு கட்டில், கட்டில் கால் நாலுக்கும் கிண்ணத்துல தண்ணி. சாப்பாடு கட்டுக்கு வெளியதான், அதாவது முதல்ல கட்டோட கழுத்து விளிம்புக்குள்ள ஒரு காட்டன் துணிய சுத்தி சொருகி, அதுக்கு மேல பிப் கட்டி, ஊட்டி முடிச்சதும் துணிய மெதுவா வெளிய எடுத்து ஒதறணும். எறும்பு சாக்பீஸ், எறும்பு பவுடர் எதுவும் பிள்ளை கிட்ட வேணாம், விஷம். பொரி, பட்டாணி, வேர்க்கடலை, புளியங்கொட்டை இதெல்லாம் அவன் கைக்கு எட்டக்கூடாது. பிள்ளைங்களுக்கு ஓட்டைய பாத்தா எதையாவது போடணும்னு தோணும்.

அரிக்குதுன்னு ஸ்கேல், பென்சில், ஊக்கு எதையும் உள்ள விடாதீங்க. கூல் காத்து விடுங்க, இல்ல கட்டு மேல விரலால தட்டுங்க, அந்த அதிர்வே சுகமா இருக்கும். பவுடர், தேங்காண்ணெய், மஞ்சள் எதுவும் கட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம். பவுடர் வேர்வைல குழைஞ்சு கட்டியாகி தோலைப் புண்ணாக்கும்.

குளிப்பாட்டறது, டயபர்

குளியல் கெடையாது, தொடைச்சு விடறதுதான். மாவு கட்டோ ஃபைபரோ, உள்ள இருக்கற பஞ்சு நனைஞ்சா காயாது. ஒரு பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி, துணிய நல்லா பிழிஞ்சு மொகம், கை, கால், தொடை இடுக்குன்னு பகுதி பகுதியா. தலைக்கு: கழுத்தைச் சுத்தி துண்டு, அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட், பிள்ளைய டேபிள்ல மல்லாக்கப் படுக்க வெச்சு தலை மட்டும் ஓரத்துக்கு வெளிய, ஒருத்தர் தலைய தாங்கிக்க இன்னொருத்தர் குவளைல ஊத்தணும். ரெண்டு பேர் இல்லாம இது வேணாம். கோடைல நாங்க மொட்டையே போட்டுட்டோம், பாதி வேலை குறைஞ்சுது.

டயபர் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, நனைஞ்சாலும் நனையலன்னாலும். ஆம்பளப் பிள்ளைன்னா குஞ்சு கீழ பாத்த மாதிரி வெச்சு கட்டுங்க, இல்லன்னா மூத்திரம் மேல ஏறி நேரா கட்டுக்குள்ள போயிடும். ராத்திரி ஒரு அலாரம். வயித்தால போச்சுன்னா கட்டோட கீழ் விளிம்புல சாப்பாடு மூடி வைக்கற மெல்லிசு பிளாஸ்டிக் உறைய (கிளிங் ரேப்) சுத்தி டேப் ஒட்டுங்க, துணிக்கு மேல மட்டும்தான், தோல்ல ஒட்டாதீங்க.

சாப்பாடு

வயிறு உப்ப எடம் கம்மி. மூணு வேளை நெறைய ஊட்டாம 6 வேளை கொஞ்சம் கொஞ்சமா. காலைல ஒரு இட்லி, 10 மணிக்கு கேழ்வரகு கூழ், மதியம் பருப்பு சாதம், சாயங்காலம் பழம், இப்படி. மலச்சிக்கல் வந்தா கட்டுக்குள்ள ரொம்ப அவஸ்தை படுவாங்க, அதனால பப்பாளி, வாழைப்பழம், தண்ணி விடாம குடுங்க. பண்ருட்டி பலா சீசன்ல எல்லாரும் ஆசையா ஊட்ட வருவாங்க, எங்க பையனுக்கு ரெண்டு சொளைக்கே வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, அதோட நிறுத்திட்டேன்.

திரும்பத் திரும்ப வாந்தி, அதுவும் பச்சை நிறத்துல வந்தா காத்திருக்காதீங்க. கட்டு இறுக்கத்துல குடல் ஒரு எடத்துல நசுங்கி அடைபடறதுக்கு வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி மூச்சு விட கஷ்டப்பட்டா, விரல் நீலமா ஜில்லுன்னு ஆனா, கை கால் அசைக்கறது திடீர்னு குறைஞ்சா, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தா, கட்டு உள்ள வரை நனைஞ்சா, எதா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கட்டு போட்ட ஆஸ்பத்திரி தூரம்னா முதல்ல பக்கத்துல போய் காட்டுங்க, பாண்டி பக்கம்னா கோரிமேடு ஜிப்மர் இருக்கு. கட்டு போட்ட டாக்டர் நம்பரும் முக்கியமான ரிப்போர்ட்டும் ஒரு பைல எப்பவும் தயாரா இருக்கட்டும்.

நம்ம ஊரு வெயில், நம்ம ஊரு மழை

மூணாவது கட்டு 2024 மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும், அக்னி நட்சத்திரம் பூரா அதுக்குள்ள. கடலோரத்துல வெயிலை விட புழுக்கம்தான் கொல்லும். ஏசி இருந்தா அந்த 3 மாசத்துக்கு கரண்ட் பில்லைப் பாக்காதீங்க. இல்லன்னா ஈரத்துணியால கை கால் மொகத்தை நாளைக்கு நாலு தடவை தொடைச்சு, ஃபேனுக்கு நேரா உக்கார வெச்சு, கழுத்து வழியாவும் வயித்து ஓட்டை வழியாவும் கூல் காத்து விடுங்க. ஹேர் டிரையர் சூட்டுல இல்லன்னு ஒவ்வொரு தடவையும் உங்க கைல விட்டுப் பாத்துட்டு விடுங்க. 11ல இருந்து 4 வரைக்கும் வெளிய வேணாம். கழுத்துல வேர்க்குரு வந்தா நுங்கு தண்ணி தடவுன்னு சொல்லுவாங்க, கட்டு விளிம்பு பக்கம் தடவாதீங்க, வழிஞ்சா எறும்பு.

பீச் வேணும்னு அழுவாங்க. சில்வர் பீச் மணல்ல இறக்கவே இறக்காதீங்க, ஒரு புடி மணல் உள்ள போனா அடுத்த கட்டு வரைக்கும் அது தோலை அரைச்சுக்கிட்டே இருக்கும். நாங்க மாசத்துக்கு ஒரு தடவை பாண்டி ராக் பீச்சுக்கு போவோம். சாயங்காலம் அந்த ரோட்ல வண்டி விட மாட்டாங்க, மணல் தொல்லை இல்ல, கடல் பாத்துக்கிட்டே பிள்ளை ஓடலாம். அங்க முதல் தடவை அவன் கட்டோட ஓடினதைப் பாத்துதான் எனக்கு தைரியமே வந்துச்சு.

மழைக்காலத்துல ரெயின்கோட் பைலயே இருக்கட்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தப்ப அஞ்சாவது கட்டு. கரண்ட் போயிடுச்சு, ஜன்னல் சந்துல தண்ணி அடிச்சு வீடெல்லாம் ஈரம். அவனை உள் ரூம்ல கட்டில் நடுவுல உக்கார வெச்சு பனை விசிறியால மாத்தி மாத்தி வீசினோம். அதுக்கப்புறம் சார்ஜ் பண்ற சின்ன ஃபேன் ரெண்டு வாங்கி வெச்சுட்டேன், அக்டோபர்லயே வாங்கிடுங்க. டயபரும் ஒரு வாரத்துக்கு மேலயே இருப்பு வைங்க.

வெளிய போறப்ப, மனுஷங்க

பைக்ல முன்னாடி உக்கார வெச்சு கூட்டிட்டுப் போறதை நாங்க விட்டுட்டோம், ஆட்டோதான். போற எடமெல்லாம் "என்னம்மா, கீழ போட்டுட்டீங்களா?"ன்னு கேப்பாங்க. முதல் மாசம் பதில் சொல்ல முடியாம பஸ்லயே அழுதுருக்கேன். அப்புறம் ஒரே வரி வெச்சுக்கிட்டேன்: "அடிபடல, முதுகு கொஞ்சம் வளைஞ்சிருக்கு, அது நேராகறதுக்கு கட்டு போட்டுருக்கோம்." அதோட நிறுத்திடுங்க. நீவி விட்டா சரியாயிடும், சுளுக்கு எடுக்கறவங்க இருக்காங்கன்னு சொல்லுவாங்க, அன்புலதான் சொல்றாங்க, ஆனா முதுகெலும்புல யாரையும் கை வைக்க விடாதீங்க.

பிளே ஸ்கூல் அனுப்பினா மிஸ்கிட்ட மூணு விஷயம் எழுதிக் குடுங்க: தண்ணி விளையாட்டு வேணாம், மணல் வேணாம், அக்குள்ல தூக்க வேணாம். மத்தபடி எல்லா பிள்ளைங்களோடவும் விளையாட விடச் சொல்லுங்க.

கட்டு மாத்தற நாள்

2 வயசு வரைக்கும் ஏறக்குறைய 2 மாசத்துக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் 3 மாசம், 4 மாசம்னு இடைவெளி கூடும். அறுக்கற மெஷின் பயங்கர சத்தம் போடும், ஆனா பிளேடு சுத்தாது, அதிரும், கெட்டியானதைத்தான் அறுக்கும். சூடா இருக்குன்னு பிள்ளை அழுதா நிறுத்தி நிறுத்தி அறுக்கச் சொல்லுங்க. காதைப் பொத்திக்கிட்டு மடில வெச்சுக்கங்க.

பழைய கட்டை முந்தின நாளே எடுத்து ஒரு ராத்திரி விட முடியுமான்னு கேளுங்க, சில எடத்துல விடுவாங்க. எங்களுக்கு விட்டாங்க. தோல் செதில் செதிலா இருக்கும், தேய்க்காதீங்க, சீயக்காய் வேணாம், வெதுவெதுப்பான தண்ணில சும்மா ஊற விட்டாலே போதும். கட்டு இல்லாம தூக்கினா ஒடம்பு தொளதொளன்னு இருக்கும், பயப்படாதீங்க, கழுத்து முதுகெல்லாம் தாங்கலா புடிச்சுக்கங்க. அன்னிக்கு ஒரு நாள்தான் அவனைக் கட்டிப் புடிச்சா நெஞ்சு துடிக்கறது நம்ம மேல தெரியும், எங்க தம்பிய அன்னிக்கு ராத்திரி யாருமே கீழ விடல. காலைல கட்டு போடறதுக்கு முன்னாடி எண்ணெய், க்ரீம் எதுவும் தடவாதீங்க.

புதுக் கட்டோட ஒரு எக்ஸ்ரே எடுப்பாங்க, அந்தக் கோணத்தை தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க. எங்களுக்கு 41 டிகிரில ஆரம்பிச்சுது, ஒரு கட்டுல குறையவே இல்ல, அடுத்ததுல நல்லா குறைஞ்சுது, இப்ப 12ல நின்னு பிரேஸ், அதாவது கழட்டி மாட்டற கவசம் போட்டுருக்கான், ராத்திரி பகல்னு மாட்டணும், குளிக்கறப்ப கழட்டிக்கலாம். ஒரு நம்பரைப் பாத்து மனசு விட்டுடாதீங்க.

வார்டை விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி, அங்கயே, டார்ச் அடிச்சு எல்லா விளிம்பையும் பாருங்க. உக்கார வெச்சுப் பாருங்க, தாடைல இடிக்குதா, தொடைய வெட்டுதா, கைய மேல தூக்க முடியுதான்னு. ஏதாவது இருந்தா அப்பவே சொன்னா அஞ்சு நிமிஷத்துல செதுக்கிக் குடுத்துடுவாங்க, கடலூர் வந்து பாத்தோம்னா மறுபடி 180 கிலோமீட்டர் பிள்ளையத் தூக்கிக்கிட்டு போகணும்.